மாமா கொண்டுவந்த ஏணி

ஏரி வறண்டு வெடித்துக் கிடந்த அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லி, எங்கள் ஊர்ப் பம்புசெட்டுகளுக்கெல்லாம் மின்சார ஆபீஸ் இணைப்பைத் துண்டிக்கக் கிளம்பியது. நல்ல காரியந்தான். ஆனால் எங்கள் தெருவின் குடிதண்ணீர் மோட்டாரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்துக் கொல்லையில் போர் போட்டுத் தண்ணீரை உறிஞ்சி, கேளம்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு லாரி லாரியாக அனுப்பிக்கொண்டிருந்தவனை மட்டும் தொடவில்லை. அவனுடையது வியாபார இணைப்பாம், விவசாயம் இல்லையாம். பூமிக்குள் இருக்கும் தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியும் போலிருக்கிறது.

மோட்டார் ஒயரைக் கழற்ற வந்தவர் என் தாய்மாமா. அந்த ஆபீஸில் லைன்மேன். லைனை நிறுத்திவிட்டு, மூங்கில் ஏணியைச் சாத்திக் கம்பத்தில் ஏறினார். காலிக் குடத்தோடு நின்றிருந்த அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னாடா, அக்கா வூட்டுக் குடிதண்ணிலயே கை வெக்கிறியா?"

"ஆபீசர் ஆர்டரு, அக்கா. நான் இன்னா பண்றது?"

அம்மா ஏணியை உருவினாள். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்த நேரத்தில் மாமாவைவிடப் பெரிய எதிரி எனக்கு உலகத்திலேயே இல்லை.

அவர் மேலே இருக்கும்வரை அந்த லைனில் யாருக்கும் கரண்ட் விட முடியாது, லாரிக்காரனுக்கும் சேர்த்துத்தான். காலி லாரிகள் சதுரங்கப்பட்டினம் சாலைவரை வரிசைகட்டி நின்றன. நாங்கள் நடையாய் நடந்தும் எட்டிப்பார்க்காத ஆபீசர், அவன் போட்ட ஒரே போனுக்கு ஜீப்பில் பறந்து வந்தார்.

"ஏணியக் குடும்மா. வெயில்ல ஆளு செத்துடப் போறான்."

"சாவட்டும். எங்க மோட்டார் ஓடும்னு இத்தினி பேர் முன்னால சொல்லு, குடுக்கறேன்."

மாமா கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "தல சுத்துது சார், எறக்கி வுடுங்க" என்று பரிதாபமாக முனகினார். வேறு வழியில்லாமல் ஆபீசர் ஒப்புக்கொண்டார். எங்கள் ஒயர் கம்பத்திலேயே தங்கியது. சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது.

சில நாளிலேயே மாமாவை அச்சரப்பாக்கத்துக்குத் தூக்கியடித்தார்கள். லாரிக்காரனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு, மாமாவுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அம்மா ஏன் அழுதாள் என்று புரியவில்லை.

மாமா அதற்கு முன் எந்தக் கம்பத்துக்கும் ஏணி கொண்டுபோனதில்லை. காலில் கயிற்றை மாட்டிக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் ஏறி இறங்கிவிடுவார். அன்றைக்கு மட்டும் ஏணி எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.