பின்னால் கூப்பிடாத தெரு

கணவர் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தார். கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் பைபாஸில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் கெஞ்சியும் அசையாத கால்கள் ஓடத் தொடங்கின.

சின்ன வயதில் நாமக்கல்லில் லாரி திரும்புவதற்காகவே அகலமாக விட்ட தெரு எங்களுடையது. லாரிகள் லோடுக்குப் போனதும் நொண்டியும் கபடியும் அங்கேதான். டிரைவரான அப்பாவின் லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டால், பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அவரோ ஒவ்வொரு முறையும் துண்டையாவது மறந்துவிடுவார். ஊர்ந்து போகும் லாரியை ஓடி முந்தி, எதிரே நின்று நீட்ட வேண்டும். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவார்; கூடவே தெருப்பிள்ளைகள் எல்லோரும்.

ஒருநாள் கேட்டேன்: "ஏனுங்கப்பா, ஒவ்வொரு தடவையும் மறக்கறீங்க?"

"நீங்க ஓடியாறத கண்ணாடில பாக்கத்தான் சாமி."

இப்போது குடியிருக்கும் இந்தத் தெருவில் இருபுறமும் கார்கள்; நடுவே ஸ்கூட்டர் திணறிக்கொண்டிருந்தது. முந்திப்போய் நின்றேன்.

"ஒரு சத்தம் போட்டா நின்னிருக்க மாட்டனா?" என்றார் கணவர்.

மூச்சு வாங்க, சிரித்தபடி பையை நீட்டினேன். "நாளைக்கும் மறந்துட்டுப் போங்க."