காற்றுக்கு யார் வாரன்ட்டி?

ஏர்கான் இல்லாமலே ஒரு கட்டடம் குளுமையாக இருக்கும் என்று நிரூபிப்பதற்காக, சிங்கப்பூரின் மதியம் மூன்று மணி வெயிலில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, என் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு பங்குத்தந்தையின் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏதோ சின்னப் பையன் என்று யாரும் மன்னித்துவிடக் கூடாது என்பதற்காகவே வயதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைவாளனாக இருந்தேன். மற்றவர்கள் யோசிப்பார்கள், நான் கோடு போடுவேன். போட்டதெல்லாம் கண்ணாடிக் கோபுரங்கள். அவற்றின் வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே டைப்பிஸ்ட் பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சுவார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் தேவாலயப் பங்கில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டத் தீர்மானித்து, "நம்ம தம்பி இருக்கையில வெளியாள் எதுக்கு?" என்று என்னை வரையச் சொன்னார்கள். கட்டடக்கலைஞர் என்ற முறையில் வரைபடத்தில் கையெழுத்துப் போட என் முதலாளி சம்மதித்தார். என் தலையில் உதித்த ஒரு கட்டடமாவது இந்தத் தீவில் நிற்கப்போகிறது என்று பூரித்துப்போனேன். பல நாள் சோறு இறங்கவில்லை.

எழுபதுகளின் பாதிவரை நாங்கள் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே நகைக்கடை, மேலே நாங்கள் ஏழு பேர். மதியத்தில் ஜன்னல் பலகைகளைச் சாய்த்துவிட்டால் வெயில் தெருவிலேயே நின்றுவிடும். காற்று மட்டும் உள்ளே வந்து, வீட்டு நடுவில் கூரை இல்லாமல் விட்டிருந்த இடத்தின் வழியே வானத்துக்குப் போய்விடும். மழை வருவதை வானொலிக்கு முன்பே அந்த இடம் சொல்லிவிடும். பிற்பாடு நூலகத்தில் தடித்த புத்தகங்களைப் புரட்டியபோது, இதையே வெள்ளைக்கார அறிஞர்கள் ஒரு பெரிய தத்துவமாக எழுதியிருந்தார்கள். நாங்கள் இடப்பற்றாக்குறை என்று நினைத்துக்கொண்டிருந்தது தத்துவம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே மண்டபத்துக்கு நீண்ட தாழ்வாரமும் எதிரெதிர் ஜன்னல்களும் வரைந்தேன். சூடான காற்று மேலே போய் வெளியேற, கூரை முகட்டில் ஒரு நீளத் திறப்பு. மண்டபக் கமிட்டியில் வரைபடத்தை விரித்தேன்.

பங்கைச் சேர்ந்த கான்ட்ராக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏர்கான்னா கம்பெனிக்காரன் வாரன்ட்டி குடுக்கிறான். உங்க காத்துக்கு யாரு பிரதர் வாரன்ட்டி குடுப்பா?"

பங்குத்தந்தைக்கு வேறு கவலை. "ஜன்னலைத் திறந்து வெச்சா நம்ம பாட்டுக்குழு பாடுறது எதிர் பிளாக்குக்கே கேட்கும். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, சிங்கப்பூர் 'லா' போடாமல் பேச்சை முடிக்காத கமிட்டிச் செயலாளர் கடைசியாகப் பேசினார். "தம்பி, மாப்பிள்ளை கோட்டு சூட்டுல நிப்பான். பொண்ணுக்கு மேக்கப் இருக்கும். போட்டோவுல வேர்த்து ஊத்தினா யார் பதில் சொல்றது? கல்யாணப் பத்திரிகையில 'ஏர்கான் ஹால்'னு போடலைன்னா சொந்தக்காரனே வரமாட்டான் லா."

வாரன்ட்டியையும் பாட்டுக்குழுவையும் ஒதுக்கி வைத்தேன். கோட்டுக்கு மட்டும் என்னிடம் பதில் இருப்பதாக நினைத்தேன். "ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க அண்ணே. நானே கோட்டு போட்டு உக்காந்து காட்டுறேன்."

எங்கள் வீடு குவீன்ஸ்டவுனில் ஒரு அடுக்குமாடியின் எட்டாவது மாடி. வீட்டு வாசல்களை ஒட்டி ஓடும் பொதுத் தாழ்வாரத்தில் அப்போதெல்லாம் யாரும் பகலில் கதவைச் சாத்துவதில்லை. முன்கதவில் நுழையும் காற்று கூடத்தைக் கடந்து சமையலறை ஜன்னல் வழியே போய்விடும். அதை நம்பித்தான் சவால் விட்டேன்.

மூவரும் வந்தார்கள். கோட்டின் நடுப் பொத்தானை மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டேன். காற்றும் மானத்தைக் காப்பாற்றியது. காலண்டர் தாள் படபடத்தது. "பரவாயில்லையே," என்று பங்குத்தந்தை சொல்லியும்விட்டார். இன்னும் அரை மணி நேரம் போனால் மண்டபம் என்னுடையது.

அப்போது நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, பெலாச்சான் என்ற இறால் விழுதை வாட்ட ஆரம்பித்தார். கருவாட்டை அறியாதவர்கள் அல்ல நாங்கள். ஆனால் பெலாச்சான் அடுப்பில் ஏறினால் தனி அதிகாரம் செய்யும். நான் விவரித்த அதே பாதையில், நான் சொன்ன அதே வேகத்தில் அந்த நெடி உள்ளே வந்தது.

என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "ஐயோ, மன்னிச்சுக்குங்க ஃபாதர்."

"இல்லம்மா, வாசனை நல்லாத்தான் இருக்கு."

"நீங்க பெருந்தன்மையாச் சொல்றீங்க," என்று கதவைச் சாத்திவிட்டார்.

காலண்டர் தாள் தொங்கிப்போனது. கதவைத் திற என்றால் விருந்தாளிகளை அவமதித்ததாகும். விசிறியைப் போட்டால் தோற்றதாகும். உட்கார்ந்திருந்தேன். முதலில் கழுத்து, பிறகு முதுகு, அதன் பிறகு கணக்கே இல்லை. என் மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி தேநீர்க் கோப்பையில் விழுந்ததை மூவரும் பார்த்தார்கள். மூவருமே பார்க்காததுபோல் இருந்தது இன்னும் மோசம்.

"தம்பி, கோட்டைக் கழட்டிடுங்க," என்றார் செயலாளர், நோயாளியிடம் பேசும் ஆஸ்பத்திரிக் குரலில்.

மண்டபம் ஏர்கானோடு எழுந்தது. கூரைத் திறப்பு போயிற்று, தாழ்வாரம் சுருங்கியது, ஜன்னல்கள் திறக்க முடியாத கண்ணாடிகளாயின. அத்தனை மாற்றங்களுக்கும் கோடு போட்டவன் நானேதான். சில வருஷங்களில் எங்கள் தாழ்வாரத்திலும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. யார் வீட்டில் என்ன சமையல் என்பது தெரியாமல் போயிற்று. இன்றைக்கு அந்தப் பெலாச்சான் நெடி சற்று வந்தால் தேவலை என்றுகூட இருக்கிறது.

புது மண்டபத்தில் நடந்த முதல் கல்யாணத்துக்குப் போனேன். பட்டுப்புடவைப் பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். மாப்பிள்ளை கோட்டில் ஒரு துளி வேர்வை இல்லாமல், பளிச்சென்று நின்றார். நான் குளிர்காற்று நேராக விழும் நாற்காலியாகத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செயலாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, உங்க பழைய பிளானை நான் தூக்கிப் போடலை. வீட்டுல பத்திரமா வெச்சிருக்கேன்."

நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். "அப்படியா அண்ணே?"

"ஆமா லா. ஓரத்துல ஒரு மரம் வரைஞ்சிருந்தீங்களே, ரொம்ப அழகு. அதை மட்டும் வெட்டி எடுத்து பங்குத் திருவிழா மலருக்கு அட்டைப்படமாப் போட்டுக்கலாமா?"