எழுதி வாங்கச் சொன்ன வக்கீல்

பூந்தமல்லி கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவில் என் டைப்பிங் கடை. டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. போர்டில் மட்டும் இன்னும் ‘எழிலரசி ஜாப் டைப்பிங்’ என்றே இருக்கிறது. இத்தனை வருஷமாக வக்கீல்கள் சொல்லச் சொல்ல அடிக்கிறேன். அவர்களில் ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முக்கால்வாசிப் பேர் “மேற்படி மனுதாரர்” என்று ஆரம்பித்துவிட்டு, விட்டத்தைப் பார்த்து, போனை நோண்டி, கடைசியில் போன கேஸில் இருப்பதையே போடச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

ஜோசப்ராஜ் அந்த ரகம் இல்லை. கையில் ஒரு தாளும் இருக்காது. கடை வாசலில் நின்றபடி கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தால், மனு முடிகிற வரைக்கும் நிறுத்த மாட்டார். சொன்னதைத் திருத்த மாட்டார். ஆவடியில் சர்ச்சுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் பூசையில் வாசகம் வாசித்த குரல் அது என்று நான் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். கட்சிக்காரர்களில் பெரும்பாலும் பாடி, அம்பத்தூர் பக்கம் வேலை செய்கிறவர்கள். விரல் போனவர்கள், கை போனவர்கள், ஆளே போனவர்களின் பெண்டாட்டிகள்.

அப்படி வந்தவள்தான் நாகம்மா. அண்ணனூரில் ரயில்வே லைனை ஒட்டி, எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் பக்தவத்சலம், பாடியில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு சரிந்து விழுந்து செத்துப்போனார். நான்தான் அவளை ஜோசப்ராஜிடம் கூட்டிக்கொண்டு போனேன். பிணவறை வாசலில் கம்பெனி ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்து, உடலை எடுத்துக்கொண்டு போங்கள், மற்றதை முதலாளி பார்த்துக்கொள்வார் என்று இனிக்க இனிக்கப் பேசினார்கள். இவள் கைக்குழந்தை மாதிரி அழுதுகொண்டே தலையை ஆட்டப் பார்த்தாள்.

ஜோசப்ராஜ் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். “நாகம்மா, ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்க. எழுதிக் குடுத்தாதான் உடம்பை வாங்கணும். உடம்பு இங்க இருக்கற வரைக்கும்தான் அவனுங்க உன்கிட்ட பேசுவானுங்க. எரிச்சதுக்கப்புறம் நீ யாரோ, அவனுங்க யாரோ.”

இந்த ஊரில் நாதியற்றவர்களிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். செத்தவனை வாங்க மாட்டேன் என்று உட்காருவது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டா? நாகம்மா உட்கார்ந்தாள். மறுநாள் சாயங்காலம், அந்த ஆள் எங்கள் வேலையில் இருக்கும்போதுதான் இறந்தார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அதை வைத்து அவள் வழக்கு ஜெயித்தது. பையன் தட்சிணாமூர்த்தி பள்ளிக்கூடம் முடித்தான்.

அந்த வழக்குக்கு அப்புறம் டிவிக்காரர்கள் ஜோசப்ராஜைத் தேடி வந்தார்கள். கோர்ட் வாசலில் மைக்கை நீட்டினால், என் கடையில் மனு சொல்வது மாதிரியே தடங்கலில்லாமல் பேசுவார். பிறகு சாயங்கால விவாதங்களில் ‘வழக்கறிஞர், சமூக ஆர்வலர்’ என்று பெயர் போட்டு உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு கட்சியின் சார்பில் உட்கார்ந்தார். அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, அமைச்சர் ஒருவர் அவரைத் தன் செய்தித் தொடர்புச் செயலாளராக வைத்துக்கொண்டார்.

கோட்டைக்குப் போகிற முதல் நாள் என் கடைக்கு இனிப்போடு வந்தார். உள்ளே இருந்துகொண்டு செய்தால், வெளியே நின்று கத்துவதைவிடச் சீக்கிரம் நடக்கும் என்றார். உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். அந்த நம்பிக்கையை நான் இன்றைக்கும் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த வேலை ஒரு மனுஷனின் வாயை என்ன செய்யும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிபோனார். கார் வந்தது. அவருடைய ஜூனியர் அருள்செல்விதான் பூந்தமல்லி வழக்குகளை எல்லாம் எடுத்துக்கொண்டாள். எப்போதாவது வழியில் நிறுத்தி என்னிடம் பேசுவார். பேச்சே மாறியிருந்தது. எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கிறதே என்றால், போர்க்கால அடிப்படையில் பணிகள் நடக்கின்றன என்பார். எந்தப் போர், யாரோடு என்று கேட்டேன். சிரிக்கப் பார்த்தார், ஆனால் சிரிப்பு சரியாக வரவில்லை.

அப்புறம்தான் அந்தக் கார்த்திகை மழை. பருத்திப்பட்டு பக்கம் தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். இறைப்பதற்கு மோட்டார்களை இறக்கினார்கள். கான்ட்ராக்டர் ஒருவர் கண்ணில் பட்ட பையன்களை எல்லாம் தினக்கூலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதில் நாகம்மாவின் மகன் மூர்த்தியும் ஒருவன். அந்த வருஷம் மலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மணி. தெருவில் எல்லோரும் அவனைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டோம். மோட்டாரின் ஒயர் ஒட்டுப்போட்ட இடத்தில் தண்ணீரில் கிடந்திருக்கிறது. சாமி அதன் பக்கத்தில் காலை வைத்தான். அவ்வளவுதான்.

பிணவறை வாசலில் நாகம்மா மறுபடியும் உட்கார்ந்தாள். இந்த முறை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மகனின் மாலையை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரே விஷயம் கேட்டாள். என் பிள்ளை உங்கள் மோட்டாரில் வேலை செய்யும்போது செத்தான் என்று எழுதிக் கொடுங்கள். அருள்செல்வி அவள் பக்கத்தில் நின்றாள். தெருவே திரண்டு வந்து உட்கார்ந்தது. கேமராக்களும் வந்தன.

மத்தியானம் ஜோசப்ராஜின் கார் வந்தது. மறுநாள் அமைச்சர் அந்தப் பகுதியைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்குள் இந்தக் கூட்டம் கலைய வேண்டும். என்ன எழுத வேண்டுமோ அதை அமைச்சரே நாளைக்கு எல்லார் முன்னாலும் கொடுப்பார் என்றார். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார். அவரும் என் காதுபட, பையன் நம்ம ஆள்தான் சார் என்றார். இதையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன என்று அருள்செல்வி கேட்டாள். அமைச்சர் கையெழுத்தில்லாமல் எதையும் எழுதும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார் ஜோசப்ராஜ்.

நாகம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அன்னிக்கு எய்தி குடுத்தாத்தான் வாங்கணும்னு நீதான சார் சொன்ன?”

ஜோசப்ராஜ் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பேன்ட் சேறாவதைக் கூடப் பார்க்கவில்லை. “அன்னைக்கு எதிர்ல நின்னவன் எவனோ. இன்னைக்கு நிக்கறது நான்தாம்மா.”

அவள் கொஞ்ச நேரம் மடியில் இருந்த பையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து புடவையை உதறிவிட்டு, “நீ சொன்னா சரி சார்” என்றாள். அருள்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலமே மூர்த்தியை எரித்துவிட்டார்கள். ஜோசப்ராஜும் சுடுகாடு வரைக்கும் வந்தார்.

மறுநாள் அமைச்சர் வந்தார், தண்ணீரைப் பார்த்தார், போனார். நிருபர்களிடம் ஜோசப்ராஜ்தான் அறிக்கை வாசித்தார். நாங்கள் நாகம்மா வீட்டில் உட்கார்ந்து ஒரு போனைச் சுற்றித் தலைகளை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே குரல், தடங்கலே இல்லை. இறந்தவர் பணியில் ஈடுபடுத்தப்பட்டவர் அல்ல. மது போதையில் தடுப்பை மீறி மோட்டார் அருகே சென்றதாகத் தெரிகிறது. குடும்பத்தினர் எந்த நிபந்தனையும் இன்றி உடலைப் பெற்றுக்கொண்டு அரசுக்கு ஒத்துழைப்பு அளித்தனர்.

 மாலை போட்ட பிள்ளையைக் குடிகாரன் என்றார்கள். அந்த மாலையை அவள் மடியில் இவர் நேரில் பார்த்தவர். அந்த அறிக்கையில் உண்மையாக இருந்தது கடைசி வரி ஒன்றுதான், அதையும் அவர்தான் உண்மையாக்கிக் கொடுத்திருந்தார். நாகம்மா போனை அணைக்கச் சொன்னாள்.

அந்தத் தாளை மைக் முன்னால் போன பிறகுதான் கையில் கொடுத்தார்கள் என்று ரொம்ப நாள் கழித்து ஜோசப்ராஜ் என்னிடம் சொன்னார். “படிச்சுகிட்டே வரும்போதுதான் எழில், அந்த வரி கண்ணுல பட்டுது. நிறுத்தியிருக்கணும். வாய் அதுபாட்டுக்குப் படிச்சு முடிச்சுட்டுது.”  ஒரு தடவை கூட நிறுத்தாமல் சொல்கிறவர் என்று அவரை மெச்சிக்கொண்டிருந்தவளும் நான்தானே.

பொங்கலுக்கு முன்னாலேயே வேலையை விட்டுவிட்டார். அவர் விட்டாரா, அவர்கள் விடச் சொன்னார்களா என்று கோர்ட் வாசலில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். காரும் ஃப்ளாட்டும் போயின. பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்கே திரும்பி வந்தார். டீக்கடையில் ஜூனியர் பையன்கள் “இன்னா சார், போர்க்கால அடிப்படையில திரும்பி வந்துட்டீங்களா?” என்று அவர் காதுபடவே கேட்டார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டுப் போனார். கட்சிக்காரர்கள் யாரும் வரவில்லை. கை போனவர்கள் அருள்செல்வியிடம்தான் போனார்கள்.

மூர்த்தியின் வழக்கை நடத்தியதும் அவள்தான். ரசாயனப் பரிசோதனையில் மது இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் அவன் வேலைக்காரன்தான் என்பதற்குச் சாட்சி இல்லை. கூட வேலை செய்த பையன்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். கான்ட்ராக்டர், இவனை நான் பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேலைக்காரன் என்றால் பூட்ஸ் போட்டிருப்பானே, வெறுங்காலோடு செத்தவன் எப்படி எங்கள் ஆளாவான் என்று எதிர்த்தரப்பு கேட்டது. மாலை போட்டவன் செருப்பே போட மாட்டான் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?

அப்போது ஜோசப்ராஜ் தானாகவே அருள்செல்வியிடம் போய், தான் சாட்சி சொல்வதாகச் சொன்னார். பையன் நம்ம ஆள்தான் என்று கான்ட்ராக்டர் சொன்னதைத் தன் காதால் கேட்டவர் அவர். அன்றைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது, ஆனால் நான் நாகம்மாவின் தெருக்காரி, என் பேச்சு எடுபடாது என்றாள் அருள்செல்வி. இவர் பேச்சு எடுபடும், இவர் அந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்தோம். நாகம்மாவுக்குத் துணையாக நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

கூண்டில் ஏறி, நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தப் பழைய ஜோசப்ராஜைப் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. நாகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அன்றைக்கு வாசித்த அறிக்கையின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். பேசுவது நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றார் இவர்.

“அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?”

“அப்ப சொன்னதுதான் பொய்.”

“சம்பளம் வாங்கிகிட்டு ஊருக்கே பொய் சொன்ன ஆள், வேலை போன கோபத்துல இன்னொரு பொய் சொல்ல மாட்டாருன்னு நாங்க எப்படி நம்பறது?”

இதே கேள்வியை இதே தோரணையில் ஜோசப்ராஜ் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்.  உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தன் கூற்றைத் தானே மறுக்கும் சாட்சியின் சொல்லுக்கு மதிப்பளிக்க இயலாது என்று தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி. தடையில்லாத அந்தக் குரலை வைத்து எத்தனையோ குடும்பங்களுக்கு நியாயம் வாங்கித் தந்தவர் அவர். அவரே உண்மையைச் சொன்ன அன்றைக்கு அதை ஒருத்தரும் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு நாகம்மாவை நினைத்தும் அழுகை வந்தது, அவரை நினைத்தும் வந்தது.

மறுநாள் காலையில் நாகம்மா என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சாரியில் ஜோசப்ராஜ் போய்க்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார். ரோட்டைத் தாண்டி வந்து, அப்பீல் போடலாம், எல்லாச் செலவும் என்னுடையது, கடைசி வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

“வாய் வார்த்தையா வேணாம் சார்,” என்றாள் அவள். “எய்தி குடு.”

அப்பீலுக்கா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். “அப்பீலை அந்தப் பொண்ணு பாத்துக்கும். என் புள்ள குடிக்கல, வேலை செய்யறப்பத்தான் செத்தான்னு எய்தி குடு. கோர்ட்டுக்கு இல்ல சார், என் ஊட்டுக்கு.”

நான் கம்ப்யூட்டரில் புதுப் பக்கத்தைத் திறந்தேன். ஜோசப்ராஜ் வழக்கம்போல வாசலில் நின்று சொல்ல ஆரம்பித்தார். தன் பெயரைச் சொன்னார், தகப்பனார் பெயரைச் சொன்னார். மூர்த்தியின் பெயரைச் சொன்னதும் நின்றுவிட்டார். நான் விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் ஒரு வரி சொல்வார், நிறுத்துவார், அழிக்கச் சொல்வார், மறுபடி சொல்வார். இத்தனை வருஷத்தில் அவருக்காக நான் ஒரு வரி அழித்ததில்லை. அந்த அரைப் பக்கத்துக்குக் காலைப் பொழுதே போய்விட்டது.

அச்செடுத்து, நாகம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் உரக்கப் படித்துக் காட்டினேன். இவன் குடிக்கவில்லை, மாலை போட்டிருந்தான், அதை நான் என் கண்ணால் பார்த்தேன், இவன் தாயிடம் நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று இருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு ஜோசப்ராஜ் அங்கேயே நின்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

அவள் தாளை நான்காக மடித்தாள். கூடையிலிருந்து அந்த பிளாஸ்டிக் பையை எடுத்து, மாலையோடு சேர்த்து வைத்தாள். ஆவடி பஸ் வந்து நின்றது. அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள்.