முப்பதாயிரத்து முப்பத்தொன்று

எனக்கு அப்போது பதினொரு வயது. கண்டி டவுனில் சனிக்கிழமைகளில் நடந்த கணித வகுப்புக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கலஹாவிலிருந்து அவ்வளவு தூரம் தினமும் யார் கூட்டிப்போவது என்று, வாரத்தில் ஒரு நாளைத் தினமாக்கி, வாப்பா மறுத்துவிட்டார். உம்மா சொல்லியும் அசையவில்லை. மிஞ்சியிருந்தவர் சாச்சா, வாப்பாவின் தம்பி. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்த வருடம்தான் வீட்டுக்கு வந்திருந்தார்.

நோன்பு விடுமுறையில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கலண்டர் தாளின் பின்பக்கம் 30031 என்று எழுதினார்.

“இத மீதி இல்லாம வகுக்கிற நம்பர் ஒண்டு கொண்டு வாங்க. ஒண்டும் இந்த நம்பரும் கணக்கில்ல. கொண்டு வந்தா வாப்பாட்ட நான் பேசுறன்.”

“போன்ல பாக்கலாமா?”

“கையால. எப்பிடியும் ஏலாது மகள், நோன்போட களைக்க வாணாம்.”

ஏன் முடியாது என்பதையும் விளக்கினார். 2, 3, 5, 7, 11, 13 ஆகிய முதல் ஆறு பகா எண்களையும் பெருக்கினால் 30030. அதில் ஒன்றைக் கூட்டியிருப்பதால், எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். வகுத்துப் பார்த்தேன், ஆறிலும் ஒன்றுதான் மிஞ்சியது. பதின்மூன்றுக்கு மேல் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

கொப்பியில் அட்டவணை கீறினேன். 14, 15, 16 என்று ஒரு நாள் வீணானது. மூன்றால் வகுபடாதது பதினைந்தாலும் வகுபடாது என்று அடுத்த நாள்தான் புரிந்தது. அதன்பின் பகா எண்கள் மட்டும். 17க்கு மீதி 9. 19க்கு 11. 23, 29 இரண்டுக்கும் 16. பிழையோ என்று இரண்டையும் மறுபடி செய்தேன். 47இல் இரண்டே இரண்டு குறைந்தது. சாச்சா எட்டிப் பார்த்து, “இன்னும் விடல்லயா?” என்று சிரிப்பார். நான் நிமிர மாட்டேன்.

நான்காம் நாள் 59. ஐந்நூற்று ஒன்பது தடவை போனது. மீதி இல்லை.

சாச்சா 59ஐ 509ஆல் பெருக்கினார். பிறகு 509ஐ 59ஆல் பெருக்கினார். சிரிப்பைக் காணவில்லை.

“வாப்பா இப்ப கடைல தனியத்தான் ஈக்கிறார். வாங்க சாச்சா.”

கடை வீட்டின் முன்புறம்தான். அவர் சட்டை மாற்றினார், தலை சீவினார், வாசல்வரை வந்து நின்றார். தோற்றவர் தட்டிக்கழிக்கிறார் என்று கையைப் பிடித்து இழுத்துப்போனேன்.

“நாநா,” என்றார்.

வாப்பா அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். “என்ன தம்பி?”

பெருநாள் முடிந்த சனிக்கிழமை சாச்சாவே என்னை வகுப்புக்குக் கூட்டிப்போனார்.

சாச்சா படிப்பை விட்டு வந்த நாளிலிருந்து, கடைக்குப் போன அந்த நாள்வரை, அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சாச்சாவைச் சாப்பிடச் சொல், வாப்பாவிடம் சாவி கேள் என்று இரு பக்கமும் ஓடியவள் நான்தான். பிள்ளைகளின் வேலை அதுதான் என்று நினைத்திருந்தேன். வாப்பாவிடம் பேசுகிறேன் என்று அவர் அவ்வளவு தைரியமாக வாக்குக் கொடுத்தது, அந்த எண் ஒருநாளும் உடையாது என்று நம்பித்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.