வெள்ளீயத்தோடு ஒரு குரூப் போட்டோ

உருகிய வெள்ளீயம் தண்ணீருக்குள் எப்படி இறங்குகிறது என்று மலேசியாவில், ரவாங்கிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் படமெடுக்க வேண்டியிருந்தது. வழக்கமான கேமராக்காரர் வராததால் கிள்ளானிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரரை அழைத்தோம். பூப்போட்ட, பளபளக்கும் பாத்தேக் சட்டை போட்டிருந்தார். நாங்கள் ஊற்றப் போகும்போது, பழக்கதோஷத்தில் கண்ணாடித் தொட்டியைப் பார்த்து, "கொஞ்சம் சிரிங்க" என்றார்.

வெள்ளீயம் தண்ணீரைத் தொட்டதும் படாரென்று வெடித்தது. தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் குனிந்துவிட்டோம். அவர் மட்டும் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயமா இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"மால மாத்துறப்ப இதவிட மோசமா இடிப்பாங்க லா."

ஆறிய வெள்ளீயக்கட்டியை மேசை நடுவில் வைத்து, "மாப்ள வீட்டுக்காரங்க இந்தப் பக்கம் வாங்க" என்றார். முனைவர்கள் மூவரும் போய் நின்றோம். மாப்பிள்ளை யார் என்று ஏன் ஒருவருமே கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.