கணக்கு மிஸ் பயிற்சிக்குப் போய் வந்த பிறகு

எங்கள் கணக்கு மிஸ் பூந்தமல்லியில் மூன்று நாள் பயிற்சியை முடித்துவிட்டுத் திரும்பியபோது, அவருக்கு உடம்பு சரியில்லை என்றே ஆறாம் வகுப்பு முழுவதும் நினைத்தது. வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பார்த்து அவர் கத்தவில்லை. எழுத முடியாதபடி வீட்டில் ஏதாவது நடந்ததா என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பையன் பயத்தில் அழுதேவிட்டான். அதுவரை அவர் குரலை உயர்த்தினால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும்.

வெள்ளானூர்ப் பக்கம் இருந்த சின்ன அரசுப் பள்ளி எங்களுடையது. பிள்ளைகளின் மனநிலையைக் கவனிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள், பள்ளிக்கு ஒருவர் வர வேண்டும் என்று கடிதம் வந்ததாம். மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவ, கடைசியில் கணக்கு மிஸ் தலையில் கட்டிவிட்டார்கள். இதெல்லாம் பல வருஷம் கழித்து அவரே சிரித்துக்கொண்டு சொன்னது. வேண்டாவெறுப்பாகப் போனவர் மஞ்சள் அட்டை போட்ட ஒரு கையேட்டோடு வந்தார். அதை வாய்ப்பாட்டை நம்புவதுபோல நம்பினார்.

முதல் மாற்றம் வருகைப் பதிவில் வந்தது. "உள்ளேன் மிஸ்" என்றால் மட்டும் போதாது, கூடவே ஓர் எண்ணும் சொல்ல வேண்டும். மனசு நன்றாக இருந்தால் ஐந்து, ரொம்ப மோசம் என்றால் ஒன்று. ஒன்று சொன்னவர்களை அன்றைக்குக் கரும்பலகைப் பக்கம் கூப்பிட மாட்டார். இடைவேளையில் உட்காரவைத்துத் தனியாகப் பேசுவார். இந்தச் சலுகை வகுப்புக்குப் பிடிபட இரண்டு நாள்தான் ஆனது. பின்னம் நடத்திய வாரத்தில் முக்கால்வாசி வகுப்பு தாங்க முடியாத துக்கத்தில் இருந்தது.

கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மனசே செரியில்ல மிஸ். எங்கூட்டு கோயி செத்துப்பூட்ச்சு" என்றான். மிஸ் உருகிப்போய் எப்படி என்று விசாரித்தார். "நாயித்துக்கெழம கொயம்பு வெச்சிட்டாங்க மிஸ்" என்றான். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. மிஸ் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசும்போது சிரிக்கக் கூடாது என்று கையேட்டில் போட்டிருந்திருக்கும்.

நான் தினமும் ஐந்து சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். ஐந்து சொன்னவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் என் தம்பி காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். மாறுவேடப் போட்டியன்று காலையில் அவனுக்கு உடம்பு சுட்டது. டிராபிக் போலீஸ் வேஷம். முதல் நாள் ராத்திரி தொப்பியைக் கழற்றாமலே தூங்கியவன். "அம்மாகிட்ட சொல்லாதக்கா, அனுப்ப மாட்டாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். எனக்கும் மனசு கேட்கவில்லை. குழாயடியில் அவன் முகத்தைப் பச்சைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, பவுடர் பூசி, அம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் அம்மா டெய்லராக இருந்தாள். அவனுக்குத் தலை வாரிவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். தம்பி இரண்டாம் பரிசு வாங்கினான். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

அதன்பிறகு வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவன் செத்தது என்னால்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அம்மாவுக்கு அது தெரிந்தால் அம்மாவும் எனக்கு இல்லை. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

ஐந்து சொல்கிறவள் இடைவேளை முழுவதும் சுவரோரம் தனியாக நிற்கிறாள் என்பதை மிஸ் பார்த்துவிட்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ ஏன்..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தி, கையேட்டைத் திறந்து ஒரு வரியில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லும்மா. அதுவரைக்கும் சும்மா பக்கத்துல உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். விடைத்தாள்களை வரிசை எண்படி அடுக்கச் சொன்னார். ஒரு வாரம் அடுக்கினேன். அடுக்க வேண்டியது தீர்ந்துபோனால் அவரே கலைத்துக் கொடுத்தார்.

எட்டாம் நாள் சொன்னேன். எல்லாவற்றையும், பவுடர் வரைக்கும் சொன்னேன். மிஸ் அதட்டவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. "இத்தனை நாளா இதைத் தனியாவா வெச்சிருந்த?" என்று மட்டும் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு பெரிய மனுஷி நான் சொன்னதை முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அது உன் தப்பு இல்லை என்று பிறகு சொன்னார். நான் நம்பவில்லை. அம்மாவிடம் சொல்லலாமா, நீ வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன் என்றார். சரி என்று சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது.

அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு, கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்தாள். மிஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி ஒப்பித்தேன். முடித்த பிறகும் நிமிரவில்லை. அடி விழும், அல்லது அம்மா எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கு அவனுக்குத் தல வார சொல்லவே கய்த்து கொதிச்சுது மிஸ்" என்றாள் அம்மா. "காய்ச்சல்னு எனக்குத் தெரியும். லீவு போட்டா வேல பூடும்னு, சாய்ங்காலம் பாத்துக்கலாம்னு பஸ் ஏறிட்டேன். அவுங்கப்பா கைல கூட இன்னி வரிக்கும் சொல்லல." பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நீ இன்னாடி பண்ணுவ, நீயே கொயந்த."

அம்மாவுக்கும் தெரிந்திருந்தது! அந்த ஒரு சொல்லில் என் நெஞ்சில் இருந்தது மொத்தமும் இறங்கிவிட்டது. அம்மா எனக்கு இருக்கிறாள், எங்கேயும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மிஸ் என்னை விளையாடப் போகச் சொன்னார். கணக்கு வகுப்பு ரத்தானதில் பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள். "உங்கம்மாவ தெனிக்கும் இட்டுகினு வாடி" என்றாள் ஒருத்தி. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கோகோ ஆடினேன். மணி அடித்து, அடுத்த வகுப்பும் முடிந்தது. அம்மாவும் மிஸ்ஸும் வெளியே வரவில்லை.

அதன்பிறகு அம்மா மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது மிஸ்ஸைப் பார்க்கப் போனாள். போகும்போது முகம் ஒருமாதிரி இருக்கும், வரும்போது கண்ணைத் துடைத்திருப்பாள். என் மார்க்கைக் கேட்டுத்தான் இப்படி ஆகிறாள் என்று பயந்துபோய், அந்த வருஷம் முழுவதும் கணக்கை விழுந்து விழுந்து படித்தேன். அம்மா தனக்காகத்தான் போகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.