வயிற்றுவலி மருந்து

மதுவிலக்கு வந்த பிறகு சென்னை இராஜ்யத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர் எவரும் இல்லை என்று எங்கள் வீட்டில் நம்பினோம். கள்ளுக்கடைகளை மூடியாயிற்று, பனையிலிருந்து பதநீர்தான் இறங்கியது. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவர் வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து இராமநாதபுரம் ரயிலடிக்கு உப்பு ஏற்றும் லாரியை ஓட்டினார். குடித்தது, மருந்துக்கடையில் சிறு சீசாவில் விற்ற ஜிஞ்சர் மட்டுமே. இஞ்சிச் சாறு என்று பொருள் சொன்னார்கள். வயிற்றுவலிக்கென்று தொடங்கியது, பிறகு வலி வராமல் இருப்பதற்கென்று ஆயிற்று. அம்மாவே டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். அதைக் குடிப்பழக்கம் என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மாவுக்குப் புரிந்தே இருக்காது.

எனக்கு அப்போது பதினான்கு வயது. வீட்டில் ஆங்கில எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்தி. சீசாவின் சீட்டிலிருந்த ஒரு சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டுபோய் அறிவியல் ஆசிரியையிடம் காட்டினேன். "ஆல்கஹால்" என்று வாசித்தவர், சாராயத்துக்குள் இருப்பதும் இதுதான் என்றார். எங்கே பார்த்தாய் என்று கேட்டார். நோட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. மழை இறங்குவதற்குள் குவிந்து கிடந்த உப்பை ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரம். காலையிலேயே அய்யா இரண்டு சீசாக்களைக் காலி செய்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்ட மூன்று முறை முயன்றார். மூட்டை இறக்குவதற்காக அவரோடு எப்போதும் போகிற என் மாமா, அம்மாவின் தம்பி, துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். அவரும் அத்தையும் எங்களோடுதான் வசித்தார்கள்.

"அம்மா, அது சாராயம். டீச்சர் சொன்னாக."

"வாயக் கழுவுடி. பெத்த அப்பனயா குடிகாரன்ங்கிற?"

அய்யா சிரித்தார். "ஏலே மாப்ள, ஒங்க அக்கா பெத்தது சப்-இன்ஸ்பெக்டரா வரும்போலருக்கு. மொதக் கேசே நாந்தான்!"

"ஒங்களப் பிடிச்சா எனக்கும்ல விலங்கு மாட்டுவாக மச்சான்."

அந்த நாளில் லாரியின் முன்புறம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுழற்றினால்தான் எஞ்சின் உயிர் பெறும். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது அதை எடுத்து விறகுக்கட்டின் பின்னால் மறைத்தேன். அய்யா தேடினார். சிரிப்பு அடங்கியது. அவர் குரல் உயர்ந்தது. நான் விறகுக்கட்டின் முன்னால் நின்றுகொண்டேன்.

மாமாதான் கண்டுகொண்டார். என்னருகே வந்து குனிந்தார். "குடுத்துரு தாயி. நான் பக்கத்துலயே இருக்கேன்ல, பாத்துக்கிறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவோம்."

கொடுத்துவிட்டேன்.

வண்டி போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மீன் கழுவினார். அத்தை துணி காயப்போட்டார். நண்பகலில் உப்பளத்து ஆள் ஒருவர் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். வளைவில் லாரி கழிமுகப் பள்ளத்துக்குள் கவிழ்ந்திருந்தது. அய்யாவுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. மாமா மூட்டைகளுக்கு அடியில் கிடந்தார். எடுக்கும்போதே உயிர் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், அய்யா ஆஸ்பத்திரியில் இருக்க, சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். "ஒங்க வீட்டுக்காரரு குடிச்சிருந்தாரா?"

அம்மா நிமிர்ந்து சொன்னார்: "எங்க வீட்டுல குடிக்கிற ஆளே கெடையாதுங்க. வயித்துவலிக்கு மருந்துதான். நாந்தான் ஊத்திக் குடுத்தேன், ரெண்டு சீசா." பிறகு என்னிடம் திரும்பினார். "எடுத்தாந்து காட்டு தாயி. மருந்துன்னு பாத்துட்டா விட்டுருவாக."

உள்ளே சீசாக்கள் இருந்த மாடத்தின் கீழே அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொல்லைப்பக்கம் கதவு திறந்தே கிடந்தது. சீசாக்களைக் கிணற்றில் போட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்ல முடியும். அய்யா சிறைக்குப் போகாமல் இருக்க அது போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அத்தை என் முகத்தைப் பார்த்தார்.

"அது மருந்தாடி?"

"இல்ல அத்தை."

அவர் நகர்ந்து வழிவிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் சீட்டை வாசித்தார். அவர் குரலில் கடுமை இல்லை. "மருந்துதாம்மா. கடையில விக்கிறதுதான். ஆனா குடியோ மருந்தோ, மயக்கத்துல வண்டி ஓட்டக் கூடாதுன்னு வேறொரு சட்டம் இருக்கு. மதுவிலக்குக்கும் முந்துன சட்டம்."

தன் தம்பியை எது கொன்றது என்பதும், கணவருக்கு எதிராகத் தான் என்ன சாட்சி சொல்லிவிட்டோம் என்பதும் அம்மாவுக்கு ஒரே கணத்தில் விளங்கின. வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார்.

அய்யா சிறை சென்று மீண்டார். அதன்பின் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. அத்தையின் எதிரே உட்கார்ந்து உண்ணவும் இல்லை. அம்மா என்னை ஒருநாளும் கடிந்ததில்லை. ஆனால் கடிதங்களை வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் தருவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த தெருவுக்கு எடுத்துப்போவார்.

அய்யாவும் அம்மாவும் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அத்தை இருக்கிறார். அவரோடு நான் இருக்கிறேன்.